பின்பக்கம் வெளிக்குசினி போடப்போறேன், 15,000 வெள்ளி போதுமா?

லிந்தாங்_ரோடு | மார்ச் 4, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். பேராக், சுங்கை சிப்புட்ல தாமான் குடியிருப்புல மூலை வீடு. பின் சுவருக்கும் வேலிக்கும் நடுவுல 20 அடி சும்மா கிடக்கு. இப்போதைக்கு ஒரு கறிவேப்பிலை மரமும் நாலு ஓட்டை வாளியும்தான் அங்க குடியிருக்கு. 10க்கு 16 அடியில ஒரு வெளிக்குசினி, அதான் வெளிய ஒரு சமையல்கட்டு, போடலாம்னு வீட்டுக்காரியும் நானும் பேசியிருக்கோம். உள்ள சம்பல் வதக்கினா மூணு நாளைக்குத் தலகாணியில இறால் பெலாச்சான் வாடை. அதோட எங்க அம்மா. தோட்டத்து லயத்துல, அந்த வரிசை வீடுகள்ல வளர்ந்தவங்க, 74 வயசு. காஸ் அடுப்புல வச்ச கறி கறியே இல்லைங்கறாங்க. அவங்களுக்கு ஒரு விறகு அடுப்பும் வேணும்.

ஒரு கான்ட்ராக்டர் வந்து பார்த்துட்டு வாட்சாப்புல நாலு வரி அனுப்பினார். சுத்திச் செங்கல் சுவர், ரெண்டு ஸ்லைடிங் ஜன்னல், பாலிகார்பனேட் கூரை, பிளைவுட் கேபினெட், மேல குவார்ட்ஸ் கல். எல்லாம் சேர்த்து 15,000 வெள்ளி. என் கையில இருக்கறதும் சரியா அவ்வளவுதான். லோன் எடுக்க இஷ்டமில்ல. தீபாவளிக்குள்ள முடியணும். இது நியாயமான விலையா? அவர்கிட்ட என்ன கேக்கணும்?

பால்மரத்தான் | மார்ச் 4, இரவு 10.25

தம்பி, விலை அப்புறம். அந்த நாலு வரியில தண்ணியப் பத்தி ஒரு வார்த்தை இருக்கா பாருங்க. கூரைத் தண்ணி எங்க விழும், தரைத் தண்ணி எங்க ஓடும், சிங்க் தண்ணி எதுல சேரும், ஒண்ணும் இல்ல. நான் தோட்டத்துல முப்பது வருஷம் கட்டட வேலை பார்த்தவன். லயம் பழுது பாக்கறதே பொழப்பு. சுவர் விழுந்து நான் பார்த்ததெல்லாம் அடியில ஊறி விழுந்ததுதான்.

இதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. பெரிய மழைக்கு அந்த இடத்துல தண்ணி எவ்வளவு நேரம் நிக்குது? சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்குது? பழைய வீட்டுக் கூரை என்ன? லொங்காங், அதான் வடிகால், எந்தப் பக்கம்?

தைப்பிங்_குடை | மார்ச் 4, இரவு 11.02

எங்க ஊர்ல அந்தக் காலத்துல சாயங்கால மழை எத்தனை மணிக்கு வரும்னு பந்தயம் கட்டுவாங்களாம். வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டர் பக்கம் கொட்டற ஊரு. அனுபவத்துல சொல்றேன், பாலிகார்பனேட் வேணாம் லா. நான் போட்டேன். முதல் வருஷம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. மூணாவது வருஷம் மஞ்சக்காமாலை. உள்ள குழல் குழலா இருக்கும்ல, அதுக்குள்ள ஈரம் இறங்கிப் பாசி பிடிச்சுப் பச்சைக் கோடு கோடா ஓடுச்சு. வெளிய தேய்ச்சா போகுமா? மதியம் 12 மணிக்கு அதுக்குக் கீழ நின்னு ரசம் வச்சா, வைக்கிறவங்களே கொதிச்சிடுவாங்க.

லிந்தாங்_ரோடு | மார்ச் 5, காலை 7.15

ஐயா, நேத்து ராத்திரியே மழை பேஞ்சுச்சு, குடையப் பிடிச்சுக்கிட்டுப் போய்ப் பார்த்தேன். வேலிப் பக்கம் தண்ணி நின்னது, இன்னிக்குக் காலையிலயும் கணுக்காலுக்குக் கொஞ்சம் கீழ இருக்கு. சாரல் இடது பக்கம். லொங்காங்கும் இடது பக்கம்தான். பழைய கூரை சாம்பல் கலர் நெளி ஷீட், அஸ்பெஸ்டஸ்னு அம்மா சொல்றாங்க. வீடு 80கள்ல கட்டினது.

பால்மரத்தான் | மார்ச் 5, பகல் 1.50

முதல்ல அந்த அஸ்பெஸ்டஸ். அதை யாரும் வெட்டவோ துளை போடவோ விடாதீங்க, அந்தத் தூள் நுரையீரலுக்கு எமன். புதுக் கூரைய அதுமேல மாட்டாம, கொஞ்சம் கீழ இறக்கி, தனிக் கம்பத்துல நிக்க வைங்க.

இனி கூரை. தகரம் போடுங்க, மெட்டல் டெக். 0.35 மில்லிமீட்டர் கனத்துக்குக் கீழ வாங்காதீங்க. கடைக்காரர் வாயால சொல்றத நம்பாம பில்லுல எழுதச் சொல்லுங்க. கீழ ஃபோம் ஒட்டினது நல்லது. வெறுந்தகரம்னா விடியக்காலையில அடியில வேர்த்து, சொட்டுச் சொட்டா சட்டிக்குள்ளயே விழும், மழையே வேணாம். சரிவு 10 அடிக்கு 1 அடியாவது இருக்கணும். என் தங்கச்சி மாப்பிள்ளை வீட்டுல ஒருத்தர் வந்து 'இதெல்லாம் போதும் அங்கிள்'னு சொல்லி மூணு அங்குலச் சரிவுல போட்டுட்டுப் போனார். இலை விழுந்து அடைச்சு, தண்ணி பின்னாடி ஏறி, வீட்டுச் சுவர் முழுக்க வரைபடம் மாதிரி கறை.

உங்க குசினி 10க்கு 16. கூரைய 13க்கு 18ஆ போடுங்க. வேலிப் பக்கம் 3 அடி நீட்டு, ரெண்டு ஓரத்துலயும் ஒவ்வொரு அடி. வேலிப் பக்கச் சாரலை அந்த 3 அடி தடுக்கும். வீட்டுப் பக்கம் 9 அடி உயரத்துல ஆரம்பிச்சா வெளி ஓரம் ஏழே முக்கால் அடியில முடியும், தலை இடிக்காது. ஓரத்துல தண்ணி பிடிக்கப் பீலி வச்சு இடது பக்க லொங்காங்குக்குக் கொண்டு போங்க. பீலியிலயும் இறக்கம் வேணும், இல்லாட்டி ஏடிஸ் கொசுவுக்கு நீச்சல் குளம் கட்டிக் கொடுத்த மாதிரி. சுகாதார இலாகா ஆளுங்க டார்ச்சோட வந்தா முதல்ல ஏறிப் பாக்கறது அங்கதான்.

தரை. வீட்டுத் தரைய விட 4 அங்குலமாவது கீழ இருக்கட்டும். வெளி ஓரத்துக்கு 10 அடியில ஒன்றரை அங்குலம் இறக்கம். ஒரு கோலிக்குண்டைப் போட்டுப் பாருங்க, நிக்காம ஓடணும். இன்னொண்ணு, புதுத் தரையப் பழைய வீட்டோட கம்பி போட்டுக் கட்டாதீங்க. அடியில இருக்கறது கொட்டி நிரப்பின மண், அது இறங்கத்தான் செய்யும். கட்டிப் போட்டா இறங்கும்போது வீட்டுச் சுவரையும் சேர்த்து இழுக்கும். நான் பார்த்த ஒரு வீட்டுல விரிசல்ல 20 சென் காசைச் செருகலாம். நடுவுல அரை அங்குலம் இடைவெளி விட்டு, அதுல இழுபடற சீலன்ட் அடிச்சுடுங்க.

மசாலா_அக்கா | மார்ச் 5, மாலை 4.33

தம்பி, பிளைவுட் கேபினெட்டுன்னு படிச்ச உடனே எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. எங்க வீட்டு வெளிக்குசினியில அதே மாதிரி அழகா, புதுசா, மெருகா போட்டுக் கொடுத்தாங்க. ரெண்டாவது தீபாவளிக்கு சிங்க்குக்கு அடியில கதவு ஊதிப்போய் மூட முடியல. உள்ள பார்த்தா கரையான் சோறு சாப்பிட்டுக்கிட்டு இருக்கு. கழட்டிப் போட்டுட்டு கான்கிரீட் மேடை கட்டி, மேல ஓடு ஒட்டிட்டேன். கதவு மட்டும் அலுமினியம். எட்டு வருஷமாச்சு, ஹோஸ் பைப்பால அடிச்சுக் கழுவறேன்.

ஓடு பெரிய சைஸா வாங்குங்க, 60க்கு 60 சென்டிமீட்டர். ஓட்டுக்கு நடுவுல கோடு குறைவா இருந்தா கருப்புப் பிடிக்கற இடமும் குறைவு. மேடைக் கோட்டுக்கு மட்டும் எபாக்சி அடிக்கச் சொல்லுங்க, சாதாரண சிமெண்டுப் பால் வேணாம். மஞ்சளும் புளியும் இறங்கி ஒரே மாசத்துல காவியாகிடும். குவார்ட்ஸ் வெளிய வேணவே வேணாம். அதுல பிசின் கலந்திருக்கு, வெயில் பட்டா பழுத்துப்போகும்.

சாமான்களைப் பத்தியும் யோசிங்க. தீபாவளிக்கு முன்னாடி மில்லுல அரைச்சுட்டு வந்த மிளகாய்த்தூள் மூணு கிலோவை வெளிய வச்சேன், மூடி டைட்டாத்தான் இருந்துச்சு. தினமும் திறந்து மூடறோம்ல? ஒரு மாசத்துல கட்டி கட்டியா, மேல சாம்பல் பூத்து. அம்புட்டையும் கொட்டினேன். அன்னிக்கு நான் பட்ட வேதனை என் மாமியாருக்குக் கூடத் தெரியாது. அன்னன்னிக்கு வேண்டியதை அஞ்சறைப்பெட்டியில வெளிய கொண்டு வாங்க, மிச்சம் உள்ளயே இருக்கட்டும். மரக்கரண்டியும் பலகையும் அப்படித்தான்.

பஹாவ்_பையன் | மார்ச் 5, இரவு 8.47

வெளிக்குசினின்னாலே சுவர் வைக்காமத் திறந்து போடு, திறந்து போடுன்னு ஊர்ல எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அது சரியாப் படல. எங்க தாமான்ல காஸ் தோங்கையே, முழு சிலிண்டரையே தூக்கிட்டுப் போயிருக்காங்க. எலி இருக்கு, எலிக் காய்ச்சல் வேற. பக்கத்துலயே செம்பனைக் காடு, குரங்கு வந்து பானையத் திறந்து சோறு தின்னுது. சுவர் வச்சுப் பூட்டினாத்தான் நிம்மதி. நான் நாலு பக்கமும் சுவர் வச்சேன், ஒண்ணும் ஆகல.

தைப்பிங்_குடை | மார்ச் 5, இரவு 9.10

தம்பி, நீங்க இருக்கறது ஜெலுபு பக்கத்துல. தீபகற்பத்துலயே மழை குறைஞ்ச இடம்னு பேர் வாங்கின பக்கம் அது. எங்க ஊர்ல வந்து நாலு சுவர் வச்சுப் பாருங்க, காளான் வளர்த்து விக்கலாம்.

பால்மரத்தான் | மார்ச் 5, இரவு 9.58

பையன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு, எலியையும் திருடனையும் நான் மறுக்கல. ஆனா அதுக்குச் சுவர்தான் வழின்னு இல்ல.

பழைய லயத்துக் குசினிய நினைச்சுப் பாருங்க. வீட்டுக்குப் பின்னால தனியா இருக்கும். சுவர் கூரை வரைக்கும் போகாது, மேல ஒரு முழம் சும்மா விட்டிருப்பான். சின்ன வயசுல அந்தச் சந்து வழியா மழை பாத்துக்கிட்டே சாப்பிட்டிருக்கேன். வெள்ளைக்காரன் நமக்கு நல்லது பண்ணணும்னு ஒண்ணும் விடல, செங்கல் மிச்சம்னு விட்டான். ஆனா புகையும் ஈரமும் அந்த வழியாத்தான் போச்சு. சோறு கொதிக்கிற ஆவி, கழுவின தரை, ஈரத்துணி, இது எல்லாமும் போகணும். வெளிக்காத்தே பாதி நாள் நூத்துக்கு எண்பது, தொண்ணூறு ஈரப்பதத்துல இருக்கு. அடைச்சு வச்சா உள்ள இருக்கறது காயறதுக்கு எங்க போகும்?

அதனால மேடை உயரம் வரைக்கும் மட்டும் செங்கல், மூணு அடி. அதுக்கு மேல கிரில். கிரிலுக்கு உள்பக்கம் எலி நுழையாத சின்னக் கண்ணு வலை. சாரல் அடிக்கிற இடது பக்கத்துக்கு மட்டும் சுருட்டி இறக்கற கான்வாஸ் திரை. குரங்குக்கு மருந்து கிடையாது, அது பூட்டையும் திறக்கும்.

கேரித்தீவு_மைந்தன் | மார்ச் 6, காலை 10.20

சிங்க்கும் சாமான் தட்டும் 'ஸ்டெயின்லெஸ்'னு சொல்லித் தருவாங்க, நம்பாதீங்க. காந்தத்தை வச்சுப் பாருங்க. ஒட்டினா போலி, ஒட்டலைன்னா நல்ல ரகம், 304, துருவே பிடிக்காது.

மிஸ்டர்_வயர்மேன் | மார்ச் 6, காலை 11.05

மேல உள்ளது பாதிதான் சரி. காந்தம் ஒட்டினா அது பெரும்பாலும் 430, சரி. ஆனா ஒட்டாம இருந்தா 304னு அர்த்தமில்ல. 201னு ஒரு ரகம் இருக்கு, நிக்கலைக் குறைச்சு மாங்கனீஸ் போட்டது. அதுலயும் காந்தம் ஒட்டாது. உப்பும் ஈரமும் பட்டா டீக்கறை மாதிரி புள்ளி வரும். பில்லுல 304னு எழுதி வாங்கறதுதான் வழி. கேரித்தீவு மாதிரி கடற்காத்து அடிக்கிற இடத்துல 304 கூடச் சொரியும், அங்க 316 பார்க்கலாம். சுங்கை சிப்புட்டுக்கு 304 தாராளம்.

இனி என் வேலை. வெளிக்குசினிக்கு உள் பிளக்குலருந்து எக்ஸ்டென்ஷன் இழுக்காதீங்க. கரண்ட் பிரியற டிபி பெட்டியிலருந்து தனி லைன், அதுக்குத் தனி ஆர்சிசிபி, அதான் மின்கசிவு வந்தா உடனே வெட்டற சுவிட்ச். 1994 மின்சார விதிமுறையில ஈரத்தரை உள்ள இடத்துக்கு அது 10 மில்லியம்பியர் கசிவுக்கே வெட்டணும்னு இருக்கு. சாதாரணமா கையில பிடிக்கிற சாமானுக்கு 30. வெறுங்காலோட ஈரத்தரையில நின்னுக்கிட்டு அம்மா மிக்சி போடறாங்கன்னு நினைச்சுக்கிட்டு வயரிங் பண்ணச் சொல்லுங்க. பிளக் எல்லாம் மூடி வச்சது, தரையிலருந்து 4 அடி மேல. எரிசக்தி ஆணையத்துல பதிஞ்ச வயர்மேனைக் கூப்பிடுங்க, தெரிஞ்ச பையன் செய்வான்னு விட்டுடாதீங்க.

காஸ். 14 கிலோ தோங் 26 வெள்ளி 60 காசுக்குக் கிடைக்குதேன்னு ரெண்டு மூணு வாங்கி மேடைக்கு அடியில கதவு போட்டு அடைக்கிறாங்க. நம்ம சமையல் காஸ் காத்தை விட கனம். கசிஞ்சா தரையோட படுத்துக்கும், மேல ஜன்னல் இருந்தும் புண்ணியமில்ல. தோங் நிக்கிற இடத்துல தரையை ஒட்டித் துவாரம் வேணும். லொங்காங் மூடிக்குப் பக்கத்துலயும் வைக்காதீங்க, இறங்கி அதுக்குள்ள தேங்கும். டியூப் சிரிம் தர முத்திரை போட்டது. மாட்டினதும் சோப்புத் தண்ணி தடவிப் பாருங்க.

கேரித்தீவு_மைந்தன் | மார்ச் 6, காலை 11.31

அடடே. அப்ப என் வீட்டுச் சிங்க்குல இருக்கற புள்ளி டீக்கறை இல்லையா?

லிந்தாங்_ரோடு | மார்ச் 6, இரவு 10.15

எல்லாத்தையும் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். லயத்துக் குசினிய யாரோ சரியாச் சொல்றாங்களேன்னு கேட்டாங்க.

ரெண்டு மூணு பேர்கிட்ட விலை கேட்டுக் கணக்குப் போட்டேன். கூரை 13க்கு 18, 234 சதுர அடி, அடிக்கு 22 வெள்ளி, 5,148. தரை கான்கிரீட் 160 சதுர அடி, 12 வெள்ளி வீதம் 1,920. தரை ஓடு கூலியோட 10 வெள்ளி வீதம் 1,600. கான்கிரீட் மேடை 10 அடி, அடிக்கு 180 வெள்ளி, 1,800. சிங்க், பைப், வடிகால் 900. வயரிங் 950. ஆக 12,318. மிச்சம் 2,682. இதுல கிரில் வருமா? விறகு அடுப்பை மேடையோட ஓரத்துல வச்சுடலாமா?

பால்மரத்தான் | மார்ச் 7, காலை 6.40

கிரிலை விடுங்க, அடுத்த போனஸுக்குப் போடலாம். அந்த மிச்சத்துல கை வைக்காதீங்க. மண்ணைத் தோண்டினா என்ன வரும்னு தோண்டினாத்தான் தெரியும். மேடையும் கேபினெட் கதவும் எப்ப வேணும்னாலும் மாத்திக்கலாம். கூரைச் சரிவையும் தரை இறக்கத்தையும் போட்ட பிறகு மாத்த முடியாது, உடைக்கணும். காசை அங்க இறக்குங்க. உங்க கணக்குல பீலி காணோம், அதையும் சேருங்க.

விறகு அடுப்பு அந்தக் கூரைக்குக் கீழ கூடவே கூடாது. தகரத்துக்கு அடியில ஒட்டியிருக்கற ஃபோம் நெருப்பைப் பிடிச்சுக்கும். தள்ளி, வேலி ஓரம், நாலு கம்பம் நட்டு வெறும் தகரம் போட்டுக் கொடுங்க. பால்மர விறகுன்னா மழை படாம அடுக்குங்க. அந்த மரத்துக்கு ஈரம் ஆகவே ஆகாது, நீலம் பூத்து, வண்டு துளைச்சு, மாவு மாவாக் கொட்டும். வெட்டின உடனே பக்குவம் பார்த்தாத்தான் தாங்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம். நகராண்மைக் கழகத்துல அனுமதி கேட்டீங்களா? 1974 சாலை, வடிகால், கட்டடச் சட்டத்துல இடம் இருக்கு, பிளான் காட்டாமக் கட்டினா இடிக்கச் சொல்லலாம். உங்களுக்குக் கோலகங்சார்தான். முதல்ல ஒரு நடை போய்க் கேட்டுட்டு வாங்க.

நாளும் பாருங்க. மேற்குக் கரையில ஏப்ரல், மே ஒரு மழை. அக்டோபர், நவம்பர் இன்னொரு மழை. தீபாவளிக்குள்ள வேணும்னு ஆகஸ்டு கடைசியில ஆரம்பிச்சா, ஊர்ல இருக்கற எல்லாரும் அதே கான்ட்ராக்டரைத்தான் பிடிச்சு வச்சிருப்பாங்க, மழையும் வந்துடும். ஜூன், ஜூலையில கான்கிரீட் ஊத்துங்க. ஊத்தின பிறகு ஏழு நாள் தண்ணி தெளிக்கணும், அதை மட்டும் மறந்துடாதீங்க.

பஹாவ்_பையன் | மார்ச் 7, காலை 8.02

சரி, சுவரைப் பத்தி யோசிக்கிறேன். எங்க வீட்டுலயும் மேல் ஓரத்துல கொஞ்சம் கருப்பு பிடிச்சிருக்கு, பெயிண்ட் கோளாறுன்னு நினைச்சேன்.

மசாலா_அக்கா | மார்ச் 7, காலை 8.15

😂

லிந்தாங்_ரோடு | செப்டம்பர் 21, மாலை 6.30

ஆறு மாசம் ஆச்சு, தாமதத்துக்கு மன்னிக்கணும். குசினி நிக்குது.

பிளான் வரையற ஆளுக்கு 600 வெள்ளி. அனுமதிக்கு ஏழு வாரம். ஜூன் கடைசியில தோண்டினாங்க. ஐயா சொன்ன மாதிரியே, அடியில யாரோ புதைச்ச உடைஞ்ச ஓடும் ஒரு பழைய சைக்கிள் சட்டமும். வடிகாலுக்குக் கூடுதலா 650. பீலி 380. மொத்தம் 13,948. கிரில் இல்ல, கேபினெட் கதவும் இல்ல. மேடைக்கு அடியில இப்போதைக்கு வீட்டுக்காரி தச்ச திரைச்சீலை தொங்குது. ஒரு வாரம் வேலைக்குப் போறதுக்கு முன்னாடி தரைக்குத் தண்ணி தெளிச்சேன், பக்கத்து வீட்டு ஆன்ட்டி கத்தரி போட்டிருக்கீங்களான்னு கேட்டாங்க.

கோலிக்குண்டு ஓடுச்சு. ஒரே ஒரு இடத்துல நின்னது, ஓடுகாரர் முகத்தைச் சுளிச்சுக்கிட்டே ரெண்டு ஓட்டைப் பேர்த்து மறுபடி போட்டார். போன செவ்வாய் விடியக்காலையில காத்தோட பெரிய மழை. டார்ச் எடுத்துக்கிட்டுப் போனேன். தரை காய்ஞ்சிருந்துச்சு. கூரை வீட்டுச் சுவரோட சேர்ற இடத்துல மட்டும் ஒரு சொட்டு, எண்ணி நிமிஷத்துக்கு நாலு, நேரா தோசைக்கல்லு மேல விழுது. கான்ட்ராக்டர் சனிக்கிழமை வந்து ஃப்ளாஷிங்கை, அந்தச் சேர்ற இடத்துத் தகட்டைப் பிரிச்சு மறுபடி அடிக்கிறேன்னு சொல்லியிருக்கார்.

அம்மா வேலி ஓரத்துல, நாலு கம்பத்துத் தகரத்துக்குக் கீழதான் சமைக்கிறாங்க. புதுக் குசினியில சமைக்க வரல. நேத்து அந்தப் புதுக் குசினியில ஒரு கொடி கட்டி என் வேலைச் சட்டையெல்லாம் காயப் போட்டிருக்காங்க. ஏம்மான்னு கேட்டா, மழையிலயும் இங்கதாண்டா சீக்கிரம் காயுதுங்கறாங்க.

பால்மரத்தான் | செப்டம்பர் 21, இரவு 8.05

ஃப்ளாஷிங் பிரிக்கும்போது அந்த அஸ்பெஸ்டஸ்ல கை வைக்காமப் பார்த்துக்குங்க தம்பி. கொடிய வீட்டுச் சுவர்ல ஆணி அடிச்சுக் கட்டலையே?